பெரிய ஐயாவின் சொந்த மெயிலும் என் தபால் முத்திரையும்

எங்கள் ஆபீசில் ஒரு காகிதத்துக்கு உயிர் வருவது முத்திரை விழும்போதுதான். வட்ட முத்திரை, நடுவில் தேதி, பக்கத்தில் என் கையால் ஒரு நம்பர். அதுவரைக்கும் அது வெறும் காகிதம். மடித்து ஜன்னல் இடுக்கில் செருகிவிடலாம், குன்னூர்க் குளிருக்கு அதற்கும் வேலை உண்டு. நம்பர் விழுந்துவிட்டாலோ பெரிய ஐயாவே நினைத்தாலும் அதைக் கிழிக்க முடியாது. மேஜை மேஜையாகப் போய், குறிப்பு எழுதி, கையெழுத்தாகி, "கோப்பில் வைக்கலாம்" என்று யாராவது எழுதினால்தான் அது அடங்கும்.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தோற்று, அலுவலக உதவியாளனாகச் சேர்ந்தவன் நான். என்னை நம்பி அந்த முத்திரையைக் கொடுத்திருந்தார்கள். காலையில் குளித்து, விபூதி இட்டு, முருகனைக் கும்பிட்டுவிட்டு ஆபீஸ் வருவேன். முத்திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் முதல் தபாலைப் பிரிப்பேன். எங்கள் சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "பூசை முடிஞ்சுதுங்களா? அப்ப நடையைத் தொறங்க" என்பார்.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. எமரால்டு ஊர்ப் பக்கம் தேயிலைச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கேரட் விதைத்தவர்கள் உண்டு. பறித்த இலையை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. எங்களுடையது அரசாங்கத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ். சிக்கனமாக இருக்கச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்ததும் முதலில் நிறுத்தியது எங்களுக்குப் பதினோரு மணிக்குக் கொடுத்துவந்த டீயை. விற்காத தேயிலை குடோன் நிறைய அடுக்கிக் கிடக்க, நாங்கள் அதற்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து சுடுதண்ணி குடித்தோம்.

இரண்டாவதாக நிறுத்தியது, தோட்டத்தில் வேலைக்குப் புதுப் பேர் பதிவதை. டீ நின்றதில் யாருக்கும் உயிர் போகவில்லை. பேர் நின்றதில் ஒரு குடும்பம் தெருவுக்கு வர இருந்தது.

நெல்லியாளம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம். அவள் புருஷன் நிழல் மரத்துக்குக் கிளை வெட்டப் போய், கிளை மேலே விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். பேர் உள்ளவன் இறந்தால் அந்தப் பேரை மனைவிக்கு மாற்றிக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். பேர் இருந்தால் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள், வேலை இருந்தால் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீடு உண்டு. இப்போது புதுப் பேர் கிடையாது என்று ஆகிவிட்டதால், பள்ளிக்கூடம் பெரிய லீவு விட்டதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். ரெண்டு பெண் பிள்ளைகள். ஊர் என்று சொல்லிக்கொண்டு போக இங்கேயும் ஒன்றுமில்லை, கடலுக்கு அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.

பெரிய ஐயா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், மனசு நல்ல மனுஷர். எங்கள் ஆபீசுக்கே தலைவர். கீழ்நாட்டுக்காரர் என்பதால் குளிர் ஒத்துக்கொள்ளாது, ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு குரங்குக் குல்லாயோடு கையெழுத்துப் போடுவார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மெட்ராஸ் கோட்டையில என் கூட வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் இருக்கார். இப்பவே எழுதறேன். உனக்கு மட்டும் தனி அனுமதி வாங்கிடலாம்" என்றார்.

எழுதினார். ஆனால் எங்கே எழுதினார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆபீசுக்கென்று அரசாங்கம் கொடுத்த மெயில் ஒன்று இருந்தது. அதைத் திறப்பதற்குள் ஊட்டி போய்த் திரும்பிவிடலாம். பெரிய ஐயாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வெளிநாட்டில் படிக்கும் அவர் மகள் அவருக்கென்று சொந்தமாக ஒரு மெயில் போட்டுக் கொடுத்திருந்தாள். அப்பா பேரில் பாதியும் தன் செல்லப் பேரில் பாதியும் சேர்த்து அவள் விளையாட்டாகச் செய்தது. அந்த விலாசத்தையே எங்கள் கடிதத்தாளில் கோபுரச் சின்னத்துக்குக் கீழே அச்சடிக்கச் சொல்லிவிட்டார். கோட்டையிலிருந்து பெரிய பெரிய அதிகாரிகள், "மேற்படி பொருள் தொடர்பாக" என்று ஆரம்பித்து, ஒரு சின்னப் பெண்ணின் செல்லப் பேருக்குக் கடிதம் எழுதினார்கள்.

"அஞ்சு மேஜை தாண்டிப் போறது அஞ்சு நிமிஷத்துல போயிருது பாருங்க" என்பார். "இனிமே காகிதமே இல்லாத ஆபீஸ்" என்றும் சொல்வார். ஆனால் அவரே திரையில் படிக்க மாட்டார். கண் கூசும், காகிதத்தில் அடித்துக் கொடுத்தால்தான் படிப்பார்.

கம்ப்யூட்டர் தெரிந்த பையனைச் சிக்கனத்தின் பேரில் வேறு ஆபீசுக்கு அனுப்பியாகிவிட்டது. காலையில் முதலில் வருகிறவன் நான் என்பதால் பெரிய ஐயா எனக்கே கற்றுக்கொடுத்தார். இங்கே அமுக்கு, இது திறக்கும். இங்கே அமுக்கு, அச்சாகும். இங்கே அமுக்கினால் வந்ததை அப்படியே வேறொருவருக்கு அனுப்பலாம். முகாமில் இருக்கும்போது போன் செய்து அனுப்பச் சொல்வார், அதனால் அதையும் கற்றுக்கொண்டேன். ரகசியச் சொல்லையும் கொடுத்தார். எனக்கு உபதேசம் வாங்கின மாதிரி இருந்தது. ஆயுத பூசை அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவன் இந்த நீலகிரியில் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"வர்ற மெயில் எல்லாத்தையும் அச்செடுத்துத் தபால்ல சேர்த்துருங்க" என்றார்.

"எல்லாத்தையுமுங்களா ஐயா?"

"எல்லாத்தையும்தான்."

எல்லாத்தையும் சேர்த்தேன். தபாலென்று வந்துவிட்டால் அதில் பெரிசு சிறிசு பார்க்கக் கூடாதென்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இந்த ஆபீஸ்தானே? கோயமுத்தூரில் இருந்த பெரிய ஐயாவின் வீட்டம்மா, சனிக்கிழமை வரும்போது டீக்குக் கடிக்க ஊட்டி வர்க்கி வாங்கி வரச் சொல்லியும், போன தடவை வாங்கினது நமுத்துப் போயிருந்ததாகவும் எழுதியிருந்தார். முத்திரை போட்டேன், நம்பர் போட்டேன். அன்று நூறு தபால் பார்த்த அவசரத்தில் சூப்பிரண்டும் படிக்காமல் "பி பிரிவு" என்று ஓரத்தில் எழுதிவிட்டார். பி பிரிவு குமாஸ்தா படித்தார். ஆனால் நம்பர் விழுந்த காகிதமாயிற்றே, அவர் என்ன செய்வார்? குறிப்பு எழுதினார். "கடிதம் பார்வையிடப்பட்டது. வர்க்கி கொள்முதல் செய்ய இவ்வலுவலகத்தில் நிதி ஒதுக்கீடு இல்லை. முன்பு வழங்கப்பட்டது தரம் குறைந்தது என்ற புகார் குறித்து ஆணை வேண்டப்படுகிறது."

கோப்பு பெரிய ஐயா மேஜைக்குப் போனது. பிறகு மணி அடித்தது. நான் போனபோது குல்லாயைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். சிரிக்கிறாரா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. கோப்பில் "புகார் உண்மை. சரிசெய்யப்படும். கோப்பில் வைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டு விஷயமாக வருவதை விட்டுவிட்டு ஆபீஸ் விஷயத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். எது எதுவென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். படித்தால் தெரியும் என்றார். பத்தாம் வகுப்பில் தோற்றவனுக்கு அவர் அன்று வைத்த பரீட்சை அது.

இதற்கிடையில் நெல்லியாளத்துப் பெண் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தாள். இருட்டோடு கிளம்பி, கூடலூர் வந்து, ஊட்டி ஏறி, குன்னூர் வரும்போது மத்தியானமாகிவிடும். என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பாள்.

"அண்ணே, என் பேப்பர் வந்திருச்சா?"

நான் பதிவேட்டைப் புரட்டுவேன். வரவில்லை என்பேன். அவள் திரும்பிப் பஸ் பிடிக்கப் போய்விடுவாள். வந்தது என் கண்ணில் பட்டால்தானே பதிவேட்டில் இருக்கும்?

அப்புறம்தான் அம்மன் வந்தாள்.

பெரிய ஐயா பந்தலூர்ப் பக்கம் முகாம் போயிருந்தார். காலையில் மெயிலைத் திறந்தேன். எங்கள் லைன் ரொம்ப மெதுவு, படம் எதுவானாலும் மேலிருந்து கீழே கோடு கோடாகத்தான் இறங்கும். முதலில் கிரீடம் வந்தது. பிறகு நெற்றி, குங்குமம். பிறகு கண் ரெண்டும். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கைகூப்பி நிற்க நிற்க, அம்மன் சூலத்தோடும் சிங்கத்தோடும் முழுசாக இறங்கி முடித்தாள். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நினைத்தது நடக்கும், மூன்று நாளில் அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு வரும்.

சனி ஞாயிறு ஆபீஸ் பூட்டியிருந்ததில் அது வந்து இரண்டு நாளாகியிருந்தது. பெரிய ஐயாவுக்குப் போன் கிடைக்கவில்லை. யார் வீட்டில் கெட்டது? மெயில் அவருடையது. அவர் மகள் கடல் தாண்டித் தனியாக இருக்கிறாள். நான் சும்மா இருந்து அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? முருகா என்று சொல்லிக்கொண்டு, விலாசப் பட்டியலைத் திறந்தேன். சாமி காரியம், சாதாரண ஆளுக்கு அனுப்பலாமா? இருப்பதிலேயே பெரிய பதவியாகப் பார்த்துப் பத்துப் பேரைப் பொறுக்கினேன். கோட்டையில் இருந்த அந்த நண்பரும் அதில் ஒருவர். அமுக்கினேன். மனசு லேசாகிவிட்டது. "நெல்லியாளத்துப் பொண்ணுக்குப் பேர் கெடைக்கட்டும் தாயே" என்று நினைத்ததையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். எனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

எங்கள் பெரிய ஐயாவின் பேரில் கோட்டைக்குள்ளே அம்மன் புகுந்ததைப் பற்றி ஒரு வாரம் பேச்சு ஓடியது. ஒருவர், தேயிலை விலையை ஏற்ற உங்கள் ஆபீஸ் எடுத்திருக்கும் புது நடவடிக்கை இதுதானா என்று கேட்டிருந்தார். ஒரு பக்திமான் நன்றி சொல்லிவிட்டு, தானும் பத்துப் பேருக்கு அனுப்ப, அந்தப் பத்துப் பேரும் பெரிய ஐயாவுக்குப் பதில் போட்டார்கள். எல்லாப் பதிலும் அம்மன் போன அதே தலைப்பிலேயே வந்து விழுந்தன. இன்னொரு துறையில் என்னைப்போல ஒருவன் இருந்திருக்க வேண்டும். அம்மனை அச்செடுத்து, முத்திரை போட்டு, நம்பர் போட்டு, "இது எந்தத் திட்டத்தின்கீழ் அனுப்பப்பட்டது என்ற விவரம் தெரிவிக்கவும்" என்று தபாலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதையும் நானே பிரித்து, முத்திரை வைத்து, நம்பர் போட்டேன்.

பெரிய ஐயா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளுக்காகத்தான் அனுப்பினேன் என்று நான் சொன்னதும் குனிந்து ஹீட்டரைக் கூட்டி வைத்தார். பிறகு, "அந்தத் தலைப்புல இனிமே எது வந்தாலும் தொடாதீங்க. நானும் தொட மாட்டேன்" என்றார்.

வீட்டில் சொன்னேன். என் சம்சாரம் தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, மாரியாத்தாளுக்கு மெட்ராஸ் போக வழி தெரியலைன்னு உங்ககிட்டயா வந்து கேட்டா?" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய், உன் பேரைச் சொல்லிப் பத்துப் பேரைப் பயமுறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள் என்று விழுந்து கும்பிட்டேன். அதற்கப்புறம் அந்தத் தலைப்பு வரும் வரிகளைக் கண்டால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். தொடாதே என்று சொன்னது எனக்குச் சௌகரியமாகவும் போய்விட்டது. உள்ளே இருப்பதெல்லாம் திட்டுதானே?

நெல்லியாளத்துப் பெண் வந்தாள், போனாள். பெரிய ஐயா தன் நண்பரிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆனால் அம்மன் போன வழியிலேயே மறுபடியும் போய் நிற்க அவருக்குக் கூச்சம். "அவர் கோபமா இருக்கார் போல. கொஞ்சம் ஆறட்டும்" என்று என்னிடமே சொன்னார். ஆறுவதற்குள் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. பெரிய அதிகாரிகளுக்கு அது அப்படித்தான் வரும். சந்தன மாலை போட்டு, ஒரு போட்டோ எடுத்து, ரெண்டு நாளில் கீழே அனுப்பிவைத்தோம். ஹீட்டரை ஆபீசுக்கே விட்டுவிட்டுப் போனார். மெயிலைக் கொண்டுபோய்விட்டார். அது அவருடையதாயிற்றே.

புதிதாக வந்த ஐயா வேறு மாதிரி. குரலை உயர்த்த மாட்டார், குளிருக்கு அசைய மாட்டார், காகிதத்தில் இல்லாததை நம்ப மாட்டார். நெல்லியாளத்துப் பெண்ணின் கோப்பை எடுத்துவரச் சொன்னார். உள்ளே அவள் கொடுத்த மனு இருந்தது. என் முத்திரை இருந்தது. அப்புறம் வெள்ளைத்தாள்தான். பெரிய ஐயா எழுதினதெல்லாம் மெயிலில் அல்லவா போயிற்று? புது ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விதிப்படி வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று எழுதினார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு முன்னால் இருந்தது அவ்வளவுதான்.

அந்தப் பெண் வந்தபோது சொல்ல வேண்டியவன் நான். பெரிய லீவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சொன்னேன். அவள் அழவில்லை. "அந்தப் பெரிய ஐயா எழுதினேன்னு சொன்னாரே அண்ணே. கோட்டையில உள்ளவுக பதிலே போட மாட்டாகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வெலிங்டன் பக்கம் நடந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். பெரிய ஐயாவின் அந்த நண்பர் எந்தக் கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்ததில்லை. அம்மன் தலைப்பில் அவர் பேரும் வந்திருந்தது, கண்ணைத் திருப்புவதற்குள் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. திட்டுகிறவர் ஒரு தடவை திட்டியிருப்பார். ரெண்டாவது தடவை எதற்கு எழுதினார்?

மறுநாள் காலையில் போன் பூத்துக்குப் போய்ப் பெரிய ஐயாவைக் கூப்பிட்டேன். அந்த அம்மன் தலைப்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். நானே அவருக்கு அமுக்கச் சொல்லிக் கொடுக்கும் காலமும் வந்தது. திரை கண் கூசுகிறது என்றார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். அந்த நண்பர், புதுசாகக் கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, கையில் கிடைத்த கடைசிக் கடிதத்துக்கே பதில் போட்டிருக்கிறார். அம்மன் வந்து சேர்ந்தாள், வீட்டில் எல்லோரும் கும்பிட்டோம். நீ எழுதின விதவைப் பெண் விஷயம் சரி, தனி அனுமதி உண்டு. பேரைப் பதிந்துவிட்டு எனக்குச் சொல், முறையான உத்தரவு அனுப்புகிறேன். ரெண்டாவது கடிதத்தில், என்னப்பா, சேர்த்தாயா இல்லையா என்று ஒரே வரி.

ரெண்டு மாசமாக அங்கேயே இருந்திருக்கிறது.

புது ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுசும் கேட்டார். "அது அவர் வீட்டுத் தபால். அதை வச்சு நான் ஒரு பேரைப் பதிய முடியாது" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. முத்திரை பிடிக்கிற நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் ஆபீசில் மனு வாங்கும் நாள். வெளி வராந்தாவில் பெஞ்சில் வழக்கம்போல ஜனம். இலை விலை கேட்டு வந்த ரெண்டு படகர் பெரியவர்களுக்கு நடுவில், குரங்குக் குல்லாயோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினேன். உள்ளே வரச் சொன்னேன், நாற்காலி கொண்டுவருகிறேன் என்றேன். "எனக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டார். லீவு போட்டு, பஸ்ஸில் மலையேறி வந்திருந்தார்.

முறை வந்ததும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார், அந்தப் பெண் நிற்கும் அதே இடத்தில். கையால் எழுதின ரெண்டு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டினார். இன்னாருக்காகக் கோட்டைக்கு எழுதியதையும் அனுமதி வந்ததையும் சொந்த மெயிலில் வைத்துக்கொண்டேன், கோப்பில் சேர்க்கவில்லை, அந்தத் தவறு என்னைச் சேர்ந்தது, நான் எழுதியதையும் அங்கிருந்து வந்ததையும் இத்துடன் இணைத்திருக்கிறேன் என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மனைப் பற்றியும் இல்லை.

"சர்க்கார் வேலையை என் சட்டைப் பையில வச்சிருந்தேன். கெளம்பும்போது சட்டையோட போயிட்டேன்" என்றார். அப்புறம் குல்லாயைச் சரிசெய்துகொண்டு, "ரசீது குடுப்பீங்கல்ல?" என்று கேட்டார்.

முத்திரை வைத்தேன், நம்பர் போட்டேன். ரசீது எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பேச்சுச் சத்தம் கேட்டுப் புது ஐயா வெளியே வந்து, அவரை அடையாளம் தெரிந்து, பதறிப்போய் உள்ளே கூட்டிப்போனார். அவர்கள் உள்ளே இருக்கும் நேரத்தில் நானும் ஒரு தாளை எடுத்து, தலைப்பைப் பார்த்துப் பயந்து கடிதத்தைத் திறக்காமல் விட்டவன் நான் என்று எழுதி, சூப்பிரண்டிடம் கொடுத்தேன். யாரும் கேட்காதபோது எதற்கு என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார். அதற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை நானே பதிவேட்டில் ஏற்றினேன்.

முறையான உத்தரவு கோட்டையிலிருந்து பழுப்புக் கவரில் வந்தது. புது ஐயா ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை, அன்றே கையெழுத்துப் போட்டார். அதற்குள் பெரிய லீவு விட்டாயிற்று. தபாலில் போட்டால் சேருவதற்குள் வீடு போய்விடும் என்று, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நானே நகலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

லயத்தில் கடைசி வீடு. வாசலில் மூட்டைகள். சாக்கிலும் பழைய சேலையிலும் கட்டிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தது. மேலே பெண் பிள்ளைகள் ரெண்டும் உட்கார்ந்திருந்தன. காலையிலிருந்து தூறல், கயிறெல்லாம் நனைந்து ஊறியிருந்தது. மறுநாள் வண்டி பிடித்துக் கூடலூரில் யாரோ தெரிந்தவர் கொட்டகைக்குப் போவதாக இருந்தாளாம்.

காகிதத்தைக் கொடுத்தேன். அவள் தமிழ் நன்றாகப் படிப்பாள். ரெண்டு தடவை படித்தாள். முந்தானையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கும்பிடக் கை எடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனால் என் முருகனுக்கு முன்னால் எப்படி நிற்பேன்? கும்பிடாதேம்மா என்று சொல்லிவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மன் படம், பத்துப் பேர், கண்ணைத் திருப்பிக்கொண்டது எல்லாம்.

"அப்ப நான் பஸ்ஸுல வந்து வந்து நின்னப்பல்லாம் அது அங்கனயே கெடந்திச்சா அண்ணே?"

"கெடந்துச்சும்மா."

"நீங்க தொறக்கலை."

"தொறக்கலைம்மா."

அவள் மூட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "எந்திரிங்கடி. மாமா அவுக்கட்டும்" என்றாள். என்னிடம், "ரெண்டு நாளா நான் ஒத்தையில கட்டினது. நீங்களே அவுத்து, இருந்த எடத்துல வச்சிட்டுப் போங்க" என்றாள்.

அது நியாயம்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தோட்டத்து ஆட்கள் போடுகிற முடிச்சு லேசில் அவிழாது, நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நகம் பெயர்ந்தது, பல்லால் இழுத்தேன். பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தன, அப்புறம் பொத்தாமல் சிரித்தன. குண்டானை அங்கே வைக்கக் கூடாது மாமா, அது அடுப்புப் பக்கம். சாமி படம் அந்த ஆணியில், இல்லை, அது இல்லை, பக்கத்து ஆணியில். அவள் நிலைப்படியில் உட்கார்ந்து காகிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் தப்பாக வைத்ததை ஒரு தடவை கூட அவள் எழுந்து வந்து திருத்தவில்லை.

கடைசியில் ஒன்று இருந்தது, மற்றதை விடச் சின்னது, ரெண்டு சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினது. கை வைத்தேன். பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டன. அது அவள் புருஷனுடைய உடுப்பு என்று பெரியவள் மெதுவாகச் சொன்னாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"அதையும் அவுத்திருங்கண்ணே" என்றாள் அவள், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். "உள்ள அவரு கம்பளி இருக்கு. விடியக்கால பெரட்டுல பேர் கூப்புடுவாங்க. மழைக்கு அதப் போத்திக்கிட்டுத்தான் போவணும்."